ஸ்பானிஷ் வகுப்பு முடிந்ததா? தனியாக ஸ்பெயின் கிளம்பும் முன்

ஸ்பானிஷில் ஏ2 என்ற அடிப்படை நிலையை முடித்த கையோடு விசா வேலையில் இறங்குங்கள். ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடை சீசனில் சென்னையில் விண்ணப்பம் கொடுக்க ஸ்லாட் (முன்பதிவு நேரம்) கிடைப்பது குதிரைக்கொம்பு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

ஸ்பெயினில் இறங்கியதும் முதலில் காலை வாருவது எண்கள்தான். ரயில் அறிவிப்பு 24 மணிக் கணக்கில் வரும். 17:40 போன்ற நேரங்களைக் காதால் கேட்டு எழுதிப் பழகுங்கள்.

சைவமா? "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் சாலடில் டூனா மீன் வந்து நிற்கும். "நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்" என்று கறி, மீன், பன்றித்தொடை மூன்றையும் சேர்த்தே மறுத்துவிடுங்கள். மதியச் சாப்பாடு 2 மணி வாக்கில், இரவு 9 மணி வாக்கில். நம் 12:30 பசிக்குப் பையில் பிஸ்கட் இருக்கட்டும்.