கோடும் வீடியோவும் ஒரே லேப்டாப்பில்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பகலில் கோடிங், இரவில் வீடியோ எடிட்டிங், வீட்டில் டெஸ்க்டாப் வைக்க இடமில்லை. இப்படி இருப்பவர்களுக்கு இரண்டரை கிலோ லேப்டாப்தான் வழி. சார்ஜரே முக்கால் கிலோ வரும், தோளிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

முதலில் ரேம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எமுலேட்டர், டாக்கர் மூன்றும் ஓடினாலே 16 ஜிபிக்கு மூச்சு வாங்கும். கூடவே டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டரும் ஓடினால் 32. கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியைப் பாருங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டோடு ஒட்டியது, பிறகு கழற்றி மாற்ற முடியாது.

அடுத்து கிராஃபிக்ஸ். நான் ஏமாந்தது இங்கேதான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் சிப் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வாங்கினேன். நண்பனிடமும் அதே 4060. ஒரே ப்ராஜெக்டை ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கினால், அவன் முடித்துவிட்டு டீக்குக் கிளம்புவான், என்னுடையது பாதியில் இருக்கும். காரணம் வாட். லேப்டாப் 4060க்கு 35 முதல் 115 வாட் வரை எவ்வளவு கொடுப்பது என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவுசெய்கிறார். ஸ்டிக்கரில் அது இருக்காது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் தெரியும். நூறுக்குக் கீழே என்றால் நான் இப்போது வாங்க மாட்டேன்.

பிராசசரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் யு வேண்டாம், வேகத்துக்கான எச் அல்லது எச்எக்ஸ். உங்கள் கேமரா எச்.265 என்ற சுருக்க முறையில், நிற விவரம் அதிகமுள்ள 4:2:2 வடிவில் பதிவுசெய்தால் இன்டெலின் உள் கிராஃபிக்ஸ் கைகொடுக்கும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசையால் அதை டிகோட் செய்ய முடியாது, 50 வரிசையால் முடியும். ஃபோனில் எடுப்பவர்கள் இதை மறந்துவிடலாம்.

அப்புறம் டிஸ்க். 100 எம்பிபிஎஸ்ஸில் எடுத்த 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி தின்னும். எஸ்எஸ்டி பொருத்தும் எம்.2 ஸ்லாட் இரண்டு இருக்கட்டும்: ஒன்றில் விண்டோஸும் கோடும், மற்றதில் வீடியோ. திரை 100% எஸ்ஆர்ஜிபி, அதாவது வழக்கமான நிற வரம்பு முழுவதையும் காட்டுவதாக இருக்கட்டும். 45% என்டிஎஸ்சி (இன்னொரு நிற அளவுகோல்) என்று போட்டிருந்தால் தோல் நிறம் சாம்பல் பூசியதுபோல் தெரியும், கலர் கரெக்ஷன் செய்யவே முடியாது.

பேட்டரியை ரொம்ப நம்பாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கினால் வேகம் இறங்கிவிடும்.

சரி, எல்லாம் பொருந்துகிறதா? காசு கொடுக்குமுன் ஒரு வீடியோவைப் பத்து நிமிடம் ரெண்டர் போடச் சொல்லிக் கீபோர்டின் நடுவில் விரலை வையுங்கள். சூட்டில் விரலை எடுக்கத் தோன்றினால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.