ஜெபத்தில் கணக்கு ஒப்பிக்காமல் இருக்கப் பழகுவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தேன். இப்போது அங்கே எங்கு பார்த்தாலும் செம்பனை. அன்று ரப்பர் பால்மரக் காடு. காலை பத்து மணிக்கு மேல் பால் நிறுக்கும் கொட்டகையில் வாளிகள் வரிசை கட்டிவிடும். நிறுத்த பிறகு கொஞ்சம் பாலை எடுத்து, அளந்து தண்ணீர் விட்டு, மெட்ரோலாக் என்னும் கருவியை அதில் மிதக்க விடுவேன். ரப்பர் தண்ணீரைவிட எடை குறைந்தது. அதனால் சத்துள்ள பாலில் கருவி தாழ இறங்கும். வரும் வழியிலேயே தண்ணீர் கலந்த பாலில் மேலே எழும்பி நிற்கும். அந்த அளவை வைத்துத்தான் கூலி. எவருடைய வாளியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அதிகாரம் என் கையில் இருந்தது. அந்தக் கை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் என்னோடுதான் வந்தது.

சபையில் புதிதாகப் பொறுப்பேற்கும் பிள்ளைகள் சிலர், பெருமை வராமல் இருக்க என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். வராமல் இருக்க வழி எனக்குத் தெரியாது. வந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி தெரியும். அதைச் சொல்கிறேன்.

இன்று இரவு நீங்கள் செய்யும் ஜெபத்தை, முடித்த கையோடு ஒரு தாளில் எழுதுங்கள். அழகுபடுத்தாமல், சொன்னது சொன்னபடி. பிறகு ‘ஏன்’ என்று முடியும் வினைச்சொற்களை மட்டும் எண்ணுங்கள். தமிழில் ‘நான்’ என்று சொல்லாமலே நான் நுழைந்துவிடலாம். செய்தேன், கொடுத்தேன், போய்ப் பார்த்தேன், பொறுத்துக்கொண்டேன். வாய் ‘நான்’ என்று ஒருமுறைகூடச் சொல்லியிருக்காது, விகுதி காட்டிக்கொடுத்துவிடும்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் நான் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்ததை அடுப்படியிலிருந்து கேட்ட என் மனைவி, “ஆண்டவருக்குச் செக்ரோல் வாசிக்கிறீர்களா?” என்று கேட்டாள். செக்ரோல் என்பது தோட்டத்து ஆட்களின் வருகைப் பதிவேடு. கோபம் வந்தது. அவளைப் பொய்யாக்குவதற்காகவே எழுதிப் பார்த்தேன். பதினான்கு.

பிறகு பைபிளில் இயேசு சொன்ன கதை ஒன்று வரும் லூக்கா 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பழைய மொழிபெயர்ப்பில் எண்ணினேன். மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயனின் ஜெபத்தில் மூன்று: ஸ்தோத்திரிக்கிறேன், உபவாசிக்கிறேன், செலுத்திவருகிறேன். வரி வசூலிக்கும் ஆயக்காரன் சொன்னதோ, “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” அதில் ஒன்றுகூட இல்லை. பரிசேயன் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்திருப்பான், தசமபாகமும் சரியாகவே கொடுத்திருப்பான். கணக்கு சரி. ஆனால் பாதி ஜெபத்தில் அவன் கண் பக்கத்து வாளிக்குப் போய்விட்டது: “இந்த ஆயக்காரனைப்போலவும்”. உங்கள் தாளிலும் வேறு ஆட்கள் நிற்கிறார்களா என்று பாருங்கள். அவர்களுக்காக ஜெபித்திருந்தால் சரி. அளவுகோலாக நிறுத்தியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி ஜெபியுங்கள்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. எண்ணிக்கை குறைந்ததும் அதுவே பெருமையாகிவிடும். நான் மூன்றுக்கு இறங்கிய வாரம் போதகரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்! இன்னொன்று, ‘நான் ஒன்றுமில்லாத புழு’ என்று எல்லார் முன்பும் ஜெபிப்பது. அது தாழ்மையா என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. அதே சொல்லை வேறொருவர் உங்களைப் பார்த்துச் சொல்லட்டும். காணிக்கைக் கணக்கில் ஐந்து ரிங்கிட் பிழை என்று ஓர் இளைஞன் சொன்னதற்கு, இந்தப் புழு இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை.

பெயர் வராத வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். செய்யுங்கள், நல்லதுதான். விருந்து முடிந்து தட்டு கழுவலாம், கோயில் கால்வாயில் சருகு அள்ளலாம். இதை நான் அதிகம் நம்புவதில்லை. கால்வாய் சுத்தம் செய்த செய்தி மாலைத் தேநீருக்குள் என் வாயாலேயே வெளிவந்துவிட்டது.

அதைவிடக் கடினமானதும் பலன் உள்ளதும் வேலை இல்லாமல் இருக்கப் பழகுவதுதான். மெதடிஸ்ட் சபைகளில் உடன்படிக்கை ஆராதனை உண்டு. ஜான் வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்தது. உமக்காக நான் பயன்படுத்தப்படவும் வேண்டும், உமக்காக ஒதுக்கிவைக்கப்படவும் வேண்டும் என்ற கருத்து அந்த ஜெபத்தில் வரும். முதல் பாதியை ஆண்டுதோறும் உரக்கச் சொன்னேன். ஓராண்டு பொறுப்பாளர் பட்டியலில் என் பெயர் இல்லை. அப்போதுதான் இரண்டாம் பாதியின் பொருள் தெரிந்தது. உங்கள் பெயர் விடுபடும்போது காரணம் விசாரித்து வீடு வீடாக அலையாதீர்கள். மூன்று மாதம் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் எவரை அளந்தீர்களோ அவரிடம் போய் உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். எனக்கு அது தோட்டத்தில் பால் வெட்டிய ஓர் அக்கா. மழை நாளில், மரத்தில் பால் வடியும் மங்குகளில் நீர் விழுந்துவிட, கருவி எழும்பி நின்றது. தண்ணீர் கலந்தவள் என்று வரிசை முழுவதும் கேட்க அவரை ஏசினேன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, போன ஆண்டு, தாமான் என்னும் வீடமைப்புப் பகுதியில் இருக்கும் அவர் மகன் வீட்டுக்குப் போனேன். சொல்லி வைத்திருந்த முன்னுரை எதுவும் வரவில்லை. மழை, வாளி, என் தவறு என்று மட்டும் சொன்னேன்.

“அதையெல்லாம் இன்னுமா கணக்கில் வைத்திருக்கிறீர்கள், கிராணி ஐயா?” என்றார்.

ஜெபிக்கச் சொன்னேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடி, “ஆண்டவரே, ஐயாவைப் பாரும். எங்கள் ரெண்டு பேரையும் பாரும். ஆமென்” என்றார்.

பழக்க தோஷம், விரல் விட்டு எண்ணினேன். ஒன்றுகூட இல்லை. கண்ணைத் திறந்தபோது அக்கா தேநீர் கலக்க உள்ளே போயிருந்தார்.