பெரும் போட்டியில் பியர் விற்பதா? பழைய மாணவர் சங்கங்கள் முடிவெடுக்கும் முறை

இரு கல்லூரிகள் ஆண்டுதோறும் மோதும் கிரிக்கெட் ஆட்டமான பெரும் போட்டிக்குரிய மார்ச் மாதம் நெருங்கும்போது, கொழும்பின் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் கூடாரம், பப்பரே எனும் பித்தளை வாத்திய இசை, அனுசரணை ஆகியவற்றோடு பியர் விற்பனையும் பேச்சுக்கு வருகிறது. வேண்டும் என்போர் வருமானத்தையும், வேண்டாம் என்போர் ஒழுக்கத்தையும் முன்வைத்து வாதாடிய பின் கை உயர்த்தி வாக்கெடுப்பதே வழக்கம். வாக்கெடுப்புக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதலில், சென்ற ஆண்டு நடந்ததை எழுத்தில் சேகரியுங்கள். வாயிலில் நின்றோர், துப்புரவுப் பணியாளர், முதலுதவிக் கூடாரத்தில் இருந்தோர் ஆகியோரிடம் கேட்டால், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தால், எந்த வடிவில் மது உள்ளே வந்தது என்பது தெரியவரும். சோடாப் போத்தலில் கலந்து வரும் சாராயத்தை விட்டுவிட்டுப் பியரை மட்டும் விவாதிப்பதில் பயனில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்தாட்டத்தை உதாரணம் காட்டும் உறுப்பினர் எவரேனும் இருந்தால், அதை முழுமையாகக் காட்டச் சொல்லுங்கள். மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் 2011 இல் தன் அரங்கில் பியர் விற்கத் தொடங்கியபோது, இடைவேளையில் வெளியேறி வாகனத் தரிப்பிடத்தில் குடித்துவிட்டுத் திரும்பி வரும் வசதியையும் நிறுத்தியது. அதன்பின் குழப்பங்கள் குறைந்ததில் பியரைவிட அந்த வாயிற்கட்டுப்பாட்டுக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 2019 இல் தன் தடையைத் தளர்த்தி, முடிவை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே விட்டது; ஆயினும் விற்பனை குறித்த இடங்களில் மட்டும், ஒரு தடவையில் வாங்கும் பானங்களுக்கு வரம்பு, ஒவ்வொரு முறையும் அடையாள அட்டை, ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியோடு நிறுத்தம் என நிபந்தனைகளை விதித்தது. அங்கே பார்வையாளரில் பலர் பல்கலைக்கழக மாணவரும் பெரியவர்களும். நமது மைதானத்திலோ சீருடையோடு வரும் பாடசாலைப் பிள்ளைகள்.

இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்பது குற்றம். மதுசார விளம்பரத்தையும் அனுசரணையையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆகவே நிறுவனப் பெயர் பொறித்த கூடாரத் துணியை இலவசமாகத் தருகிறோம் என்று எவர் வந்தாலும் நன்றி கூறி அனுப்பிவிடுங்கள். விற்பனைக்கு மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் விற்பனைக்கே இடமில்லை. மைதான உரிமையாளரதும் கல்லூரி அதிபரதும் எழுத்துமூலச் சம்மதத்தையும் முன்கூட்டியே பெறுங்கள்.

இவற்றை மேசையில் வைத்துப் பார்த்தால், பொது இருக்கைப் பகுதியில் விற்பனை வேண்டாம் என்பதே சரியான முடிவாகும். ரோயல் கல்லூரிக்கும் புனித தோமஸ் கல்லூரிக்கும் இடையே 1879 முதல் ஆடப்படும் ரோயல் - தோமியன் போன்ற போட்டிகளில் பழைய மாணவர் கூடாரங்கள் நீண்டகால வழக்கம். விற்றே ஆகவேண்டும் என்றால் அத்தகைய வேலியிட்ட கூடாரம் ஒன்றுக்குள் மட்டும், ஒரே வாயிலோடு, வயதைச் சரிபார்த்துக் கட்டிய கைப்பட்டியை அணிந்தோருக்கே வழங்குங்கள். கைப்பட்டி கட்டுபவர் அடையாள அட்டை எண்ணை வாசிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் பிறந்த திகதி ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதை, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்ற கணக்கில், காட்டும், பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அட்டையிலுள்ள பிறந்த திகதியோடு அதை ஒப்பிட்டால் திருத்திய அட்டை உடனே அகப்படும். முகத்தையும் படத்தையும் பார்க்க மறக்க வேண்டாம், ஏனெனில் அண்ணனின் அட்டையோடு வரும் தம்பிமார் எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

பியரைக் கண்ணாடிப் போத்தலில் அல்லாமல் காகிதக் குவளையில் ஊற்றிக் கொடுங்கள். குவளையோடு எவரையும் வேலிக்கு வெளியே விடாதீர்கள். கிரிக்கெட்டில் கால்பகுதிகள் இல்லாததால், தேநீர் இடைவேளையோடு விற்பனையை முடிப்பது பொருத்தம். உள்ளே சோறும் தண்ணீரும் கிடைக்க வேண்டும். முச்சக்கர வண்டிகள் வந்து நிற்கும் இடத்தைப் பொலிஸாரோடு பேசி ஒதுக்குங்கள்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வைத்திருக்கட்டும். காவலர் கூலி, வேலிச் செலவு, அனுமதிக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்த பின் எஞ்சும் தொகையை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பிறகே மறுவருட விற்பனையைப் பற்றி வாக்கெடுங்கள்.