பேஸ் குழம்பியதற்கு ஹெட்போன் காரணமில்லை

32 ஓம் ஹெட்போனை ட்யூப் ஆம்ப்பில் (வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிஃபையர்) மாட்டினால் பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) வீங்கி, குரலை மூடியது. அதே ஆம்ப்பில் 300 ஓம் ஹெட்போன் சுத்தம். கேபிள், டாக் (DAC, டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்கும் கருவி), ட்யூப் மாற்றியதில் நான்கு நாள் போனது.

கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலி கொடுத்து அளந்தேன்: 1.00 வோல்ட். ஹெட்போனுக்குப் பதிலாக 33 ஓம் ரெசிஸ்டரை இணைத்ததும் 0.40. அதாவது ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப்புக்குள்ளேயே இருக்கும் மின்தடை) சுமார் 50 ஓம். (1 கிலோஹெர்ட்ஸில் அளக்காதீர்கள், மலிவு மல்ட்டிமீட்டர் தப்பாகக் காட்டும்.)

ஹெட்போனின் இம்பீடன்ஸ் பேஸில் 70 ஓம் வரை ஏறுவதால், ஆம்ப்பின் 50 ஓமோடு பங்கிடும்போது அங்கே ஹெட்போனுக்கு அதிக வோல்டேஜ் கிடைத்து, அங்கே மட்டும் 3.5 டெசிபெல் கூடுகிறது. ஈக்வலைசரில் குறைத்தும் பேஸின் தளர்வு போகவில்லை. அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓமுக்கும் குறைவான டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு மாற்றியதும் சரியானது. ட்யூப் ஆம்ப் இப்போது 300 ஓம் ஹெட்போனுக்கு மட்டும்.