எக்ஸ்பி டெஸ்க்டாப்: ஐகான் பெயருக்குப் பின்னால் நீலப் பட்டை

விண்டோஸ் எக்ஸ்பியில் ஐகான் பெயர்களுக்குப் பின்னால் திடீரென நிறப் பட்டை ஒட்டிக்கொண்டால் வைரஸ் என்று பயந்து ஃபார்மேட் போட வேண்டாம். பெரும்பாலும் இரண்டே காரணம்தான்.

முதலில் விண்டோஸ் கீயோடு பாஸ் (Pause) கீயை அழுத்துங்கள். அட்வான்ஸ்டு டேப், பெர்ஃபார்மன்ஸ், செட்டிங்ஸ். பட்டியலின் கடைசிப் பகுதியில் 'யூஸ் டிராப் ஷேடோஸ் ஃபார் ஐகான் லேபிள்ஸ்' என்று இருக்கும்; அதில் டிக் வேண்டும். வேகத்துக்காக 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த டிக் தானாகவே போய்விடும். பழைய மெஷினில் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளலாம், வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை.

டிக் இருந்தும் பட்டை போகவில்லையா? அப்போது டெஸ்க்டாப்பிலேயே வெப் பக்கத்தைக் காட்டும் ஆக்டிவ் டெஸ்க்டாப் வசதிதான் காரணம். டெஸ்க்டாப்பில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டெஸ்க்டாப் டேப், கஸ்டமைஸ் டெஸ்க்டாப், வெப் டேப். அங்கே 'மை கரண்ட் ஹோம் பேஜ்' உட்பட எல்லா டிக்கையும் எடுங்கள். கீழே 'லாக் டெஸ்க்டாப் ஐட்டம்ஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதன் டிக்கையும் எடுங்கள்; பலரும் தவறவிடுவது அதைத்தான். வெப் பக்கம் ஓடும் டெஸ்க்டாப்பில் எக்ஸ்பி நிழல் போடாது, பட்டையைத்தான் போடும்.

ஐகான் படங்களே மாறிக் கிடந்தால் அது வேறு கோளாறு: ஐகான் படங்களைச் சேமித்து வைக்கும் கேஷ் (cache) கெட்டிருக்கிறது. டிஸ்பிளே செட்டிங்ஸில் கலர் குவாலிட்டியை 32 பிட்டிலிருந்து 16 ஆக்கி, அப்ளை கொடுத்து, மறுபடி 32க்கு வந்தால் ஐகான்கள் புதிதாக வரையப்படும்.