வாடகைக்கு விட வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு தாளை எடுங்கள்

வாடகை வருமானத்துக்காக ஒரு வீடு வாங்கலாம் என்று தோன்றியதும் பெரும்பாலோர் உடனே வீடு பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். நான் அதை மூன்றாவது படியாகத்தான் வைப்பேன். வீடு மனதுக்குப் பிடித்துவிட்டால், வராத வாடகையும் வரும் என்று எழுதத் தோன்றும்; வரப்போகிற செலவு கண்ணில் படாது. அதனால் கணக்கு முதலில், வீடு அப்புறம்.

முதல் படி: கையிருப்பைப் பிரியுங்கள்

கையில் இருக்கும் பணத்தை மூன்று பங்காக்குங்கள். ஒன்று, விலையில் நீங்கள் சொந்தமாகப் போடுவது. இன்னொன்று பதிவு, வக்கீல், தரகு, குடி வைப்பதற்கு முன் செய்யவேண்டிய மராமத்து ஆகியவற்றுக்கு. மூன்றாவது, தொடவே கூடாத பணம். வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தாலும் தவணையும் வரியும் கட்ட அது போதுமானதாக இருக்கவேண்டும். விலை கொஞ்சம் எட்டாமல் போகும்போது கை நேராக இந்த மூன்றாவது பங்குக்குத்தான் போகும். அதை எடுத்தால்தான் வாங்க முடியும் என்றால், அந்த வீட்டை விட்டுவிடுங்கள். இதில் நான் கறாராகவே இருப்பேன்.

இரண்டாம் படி: மிச்சம் எவ்வளவு?

வீட்டின் விலை 1,000 என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பணமாகவும் இருக்கட்டும், நமக்கு வேண்டியது விகிதம். மாத வாடகை 7 என்றால் வருடத்துக்கு 84, அதாவது விலையில் 8.4 சதவீதம். விற்பவர் சொல்லும் எண் இதுதான். இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இப்போது கழித்துக்கொண்டே வாருங்கள். ஒருவர் காலி செய்து இன்னொருவர் வருவதற்குள் வருடத்தில் ஒரு மாதம் போகும் என்று வைத்தால் கையில் 77. சொத்து வரிக்கு 8, காப்பீட்டுக்கு 4, குழாய், சுவிட்ச், கதவு என்று வந்துகொண்டே இருக்கும் மராமத்துக்கு 10. பல வருடத்துக்கு ஒருமுறை கூரை, மோட்டார், வீடு முழுக்கப் பெயின்ட் என்று பெரிய செலவு வரும். அதற்கு வருடா வருடம் 5 ஒதுக்கிவைக்க வேண்டும். ஆக 27 போய் மிச்சம் 50. நீங்கள் 8.4 என்று நினைத்தது 5 சதவீதம் ஆகிவிட்டது. இதற்கு வருமான வரி தனி.

அடுத்து கடன். 700 கடன் வாங்கினால், 8 சதவீத வட்டிக்கு 20 வருடத் தவணை வருடத்துக்குச் சுமார் 70 வரும். வீடு தருவது 50. மீதி 20 ஒவ்வொரு வருடமும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். அந்த 70இல் முதல் வருடம் 55க்கு மேல் வட்டிக்கே போகிறது, அசல் 15கூடக் குறையாது. கடனை 500 ஆக்கினால் வரவும் தவணையும் ஏறக்குறைய சரியாகப் போகும். 400 என்றால் வருடத்துக்கு 10 கையில் நிற்கும்.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். செலவு போன மிச்சம் 5 சதவீதம், கடன் வட்டி 8 சதவீதம் என்றால், கடனைக் கூட்டக் கூட உங்கள் வரவு தேயும். அப்போது வீட்டு விலை ஏறினால்தான் லாபம். விலை இறங்கவும் செய்யும். 300 சொந்தமாகப் போட்டவருக்கு விலை 10 சதவீதம் இறங்கினாலே போட்டதில் மூன்றில் ஒரு பங்கு போன மாதிரி.

வாடகை 7 என்பதையும் விற்பவர் வாயிலிருந்து எடுக்காதீர்கள். அதே தெருவில் குடியிருப்பவர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். வாடகை விளம்பரங்களையும் சில வாரம் கவனியுங்கள். ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வாடகைக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம்.

கணக்கு எப்படிப் போட்டாலும் ஒத்துவரவில்லையா? ரீட் என்ற வழி இருக்கிறது. பலர் பணத்தைச் சேர்த்துக் கட்டடங்களை வாங்கி, வரும் வாடகையைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் அமைப்பு அது. 1960இல் அமெரிக்காவில் சட்டமாகி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. சிறு தொகையில் தொடங்கலாம். ஆனால் பங்குச் சந்தையில் அதன் விலையும் ஏறி இறங்கும்.

மூன்றாம் படி: வீட்டைப் பாருங்கள்

நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், படுக்கையறைச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட். விரல் முட்டியால் தட்டினேன், உள்ளே கூடாக இருப்பதுபோல் சத்தம் வந்தது. நகத்தால் லேசாகக் கீறியதும் பூச்சு மாவாக உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. குழாயில் கசிவு, எத்தனை வருடமாகவோ. மற்றபடி வெளிச்சமான, அழகான வீடுதான் அது.

எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, தண்ணீர் எப்படி வருகிறது, எவ்வளவு வேகமாக வடிகிறது என்று பாருங்கள். தொட்டிகளுக்கு அடியில் குனிந்து கையை வைத்துப் பாருங்கள். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்வாருங்கள்.

நான்காம் படி: பத்திரம்

உரிமை யாருடையது, வில்லங்கம் உண்டா, அடமானம் இருக்கிறதா, கட்டட அனுமதி சரியா என்பதை உங்கள் சொந்த வக்கீல் பார்க்கவேண்டும். தரகர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம். வாடகை உயர்த்துவது, காலி செய்யச் சொல்வது பற்றி அந்த இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: குடி வைப்பது

வருபவரின் வருமானத்தைப் பார்த்துவிட்டு, அவர் முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். இப்போதைய வீட்டுக்காரரைவிட அதற்கு முந்தியவர் சொல்வதை நான் அதிகம் நம்புவேன். இப்போதைய வீட்டுக்காரருக்கு அவர் காலி செய்தால் போதும் என்று இருக்கலாம்.

நல்லவர் கிடைத்துவிட்டால் வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். நம் கணக்கில் மாதம் 0.5 குறைத்தால் வருடத்துக்கு 6 குறையும். அவர் போய் வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் போவது 7. புதுப் பெயின்ட், தரகு செலவு வேறு.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். அட்வான்ஸ் அவருடைய பணம், அதைத் தனிக் கணக்கில் போடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து அறை அறையாக நடந்து சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மீட்டர் எண்ணைக் குறித்து, ஏற்கெனவே இருக்கும் கீறல், விரிசல் எல்லாம் எழுதி, இரண்டு பிரதியில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சாவியைக் கொடுங்கள்.