நூலக நாவல் போட்டி: படிக்கப்படாமலே கழியும் பிரதிகள்

உள்ளூர் எழுத்தாளர்களுக்காக நூலகங்கள் நடத்தும் நாவல் போட்டிகளில் நாவலைப் படிப்பது இரண்டாவது வேலை. வந்த விண்ணப்பங்களை விதிமுறையோடு ஒத்துப்பார்த்துப் பொருந்தாதவற்றை எடுத்து வைப்பதுதான் முதல் வேலை. அந்தச் சுற்றில் யாரும் உங்கள் நடையைப் பார்ப்பதில்லை. முகவரி, கோப்பின் வகை, சொல் எண்ணிக்கை, முன்பே வெளிவந்ததா என்ற கேள்விக்கான பதில், இவ்வளவுதான் பார்ப்பார்கள். நல்ல நாவல்கள் பல இங்கேயே நின்றுவிடுகின்றன. எழுதத் தெரியாததால் அல்ல, விதிமுறைத் தாளைக் கடைசி நாளில் பிரித்ததால்.

எந்தப் பிரிவு என்று தெரியாமல் அனுப்புவது

இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, எழுத்தாளரே வெளியிட்ட புத்தகத்துக்கானது. மற்றது, இன்னும் அச்சாகாத கைப்பிரதிக்கானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநில நூலகங்கள் நடத்திய போட்டி, சுயவெளியீட்டு நாவல்களுக்காகத் தொடங்கி, 2014-இல் முதல் வெற்றியாளரை அறிவித்தது. கைப்பிரதிக்கான பிரிவு பிறகுதான் வந்தது. இரண்டையும் தனித்தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. சுயவெளியீட்டுப் பிரிவில் அட்டை, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்தே மதிப்பெண். கைப்பிரதிப் பிரிவில் எழுத்து மட்டும்.

சிக்கல் "வெளியானது" என்ற சொல்லில் இருக்கிறது. நூறு பிரதி விற்றால்தான் வெளியானது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இணையக் கடையில் மின்னூலாக ஏற்றி, ஒருவர்கூட வாங்காவிட்டாலும் அது வெளியான நூல்தான். ஒரு வாரத்தில் கடையிலிருந்து நீக்கிவிட்டாலும் நிலை மாறாது. தொடர்கதைத் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டது, இணைய இதழில் இரண்டு அத்தியாயம் வந்தது, நண்பர்களுக்கு மட்டும் முப்பது பிரதி அச்சிட்டது போன்றவற்றில் ஒவ்வொரு போட்டியும் ஒவ்வொரு கோடு போடும். காசு கட்டி ஒரு பதிப்பகத்தின் பெயரில் கொண்டுவந்த நூல் சுயவெளியீடா இல்லையா என்பதும் போட்டிக்குப் போட்டி மாறும்.

ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடுங்கள். "என் நாவல் தகுதியானதா?" என்று கேட்டால் "விதிமுறையைப் பார்க்கவும்" என்றுதான் பதில் வரும். "மொத்தம் 28 அத்தியாயங்கள். அவற்றில் 3 மட்டும் 2022-இல் ஓர் இணைய இதழில் வந்தன, இப்போதும் படிக்கக் கிடைக்கின்றன. கைப்பிரதிப் பிரிவில் சேர்க்கலாமா?" என்று எழுதினால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுவார்கள். அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.

"உள்ளூர்" என்பதை மனத்தால் அளப்பது

பிறந்த ஊர், கதை நடக்கும் ஊர், மனத்துக்கு நெருக்கமான ஊர் எதுவும் கணக்கில் வராது. இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. சில இடங்களில் அந்த நூலகத்தின் உறுப்பினர் அட்டை இருந்தால் போதும், சில இடங்களில் முகவரிச் சான்று கேட்பார்கள். எந்தத் தேதியில் குடியிருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். விண்ணப்ப நாளா, முடிவு அறிவிக்கும் நாளா? இடையில் வீடு மாறுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் இருவருமே உள்ளூரில் இருக்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புனைபெயரில் எழுதுபவர்கள் விண்ணப்பத்தில் இயற்பெயரையும் தர வேண்டும். மறைத்தால், சான்றில் ஒரு பெயர் விண்ணப்பத்தில் இன்னொரு பெயர் என்று அதுவே ஐயத்துக்கு இடமாகிவிடும்.

ஒரே கடையில் மட்டும் தரும் ஒப்பந்தத்தை மறப்பது

மின்னூலை அமேசானில் மட்டுமே தருவதாக ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்திருப்பவர்கள் இந்த இடத்தில் கவனிக்கவும். அத்திட்டம் 90 நாள் சுற்றாக ஓடும். நீங்களாக நிறுத்தாதவரை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அந்த நாட்களில் மின்வடிவத்தை வேறு இடங்களில் தரக் கட்டுப்பாடு உண்டு. நூலகப் போட்டியோ, தேர்வாகும் நூல்களைத் தன் மின்னூல் தொகுப்பில் சேர்க்கும். சில போட்டிகளில் அனுப்பும்போதே அதற்கு ஒப்புதல் கொடுத்ததாக ஆகிவிடும். நூலகங்களுக்கு விதிவிலக்கு உண்டா என்பதை அன்றைய தேதியில் உள்ள ஒப்பந்த வாசகத்தைப் படித்து உறுதிசெய்யுங்கள். பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். வெளியேற வேண்டுமென்றால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சுற்று முடியக் காத்திருக்க வேண்டும். ஆகவே கடைசித் தேதிக்கு நான்கு மாதம் முன்பே இதைப் பார்ப்பது நல்லது.

பெயரை மறைத்ததாக நினைத்துக்கொள்வது

கைப்பிரதிப் போட்டிகள் பலவற்றில் நடுவருக்கு எழுதியவர் யார் என்று தெரியக்கூடாது. முதல் பக்கத்தில் பெயரை அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். பெயர் வேறு ஐந்தாறு இடங்களில் ஒளிந்திருக்கும்: ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதி, நன்றியுரை, ஆசிரியர் குறிப்பு, கோப்பின் பெயர், ஓரத்தில் விட்டுப்போன கருத்துரைகள், கோப்பின் பண்புகளில் "ஆத்தர்" என்ற இடம்.

வரிசையாகச் செய்யுங்கள். முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள், மூலத்தில் கை வைக்க வேண்டாம். வேர்டில் ட்ராக் சேஞ்சஸ் இருந்தால் எல்லாத் திருத்தங்களையும் ஏற்று, கருத்துரைகளை நீக்குங்கள். தலைப்பகுதியில் நாவலின் தலைப்பும் பக்க எண்ணும் மட்டும் இருக்கட்டும். பிறகு ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போய்த் தனிப்பட்ட தகவல்களை நீக்குங்கள். பிடிஎஃப் ஆக்கியபின் அதன் ப்ராப்பர்டீஸைத் திறந்து பாருங்கள். பழைய தலைப்போ உங்கள் பெயரோ அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். கடைசியாக, கோப்புக்குள் உங்கள் பெயரைத் தேடுங்கள், தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு பொறி அணிந்துரை. "இந்தத் தம்பியை எனக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும்" என்று தொடங்கும் நான்கு பக்கம், பெயர் மறைப்பையும் கெடுக்கும், நடுவரின் பொறுமையையும் கெடுக்கும். முதல் 50 பக்கத்தை அனுப்பச் சொல்லியிருந்தால் அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றி என்று 14 பக்கம் போய்விடும், மிஞ்சுவது 36. கைப்பிரதியில் இவை எதுவும் வேண்டாம். அச்சான நூலில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தமிழில் சொல் எண்ணிக்கை

ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிமுறைகளில் "குறைந்தது 50,000 சொற்கள்" போன்ற வரையறை இருக்கும். தமிழில் அதே நீளக் கதைக்குச் சொற்கள் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் வேற்றுமையும் காலமும் இடமும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. "வரமாட்டார்களாம்" என்பது ஒரே சொல். தவிர, கணினி எண்ணுவது இடைவெளியைத்தான். "சொல்ல வேண்டியிருந்தது" இரண்டு, "சொல்லவேண்டியிருந்தது" ஒன்று. பக்கத்துக்கு எட்டு இடத்தில் இப்படிச் சேர்த்தோ பிரித்தோ எழுதினால் 300 பக்கத்தில் 2,400 சொல் கூடும் அல்லது குறையும்.

எண்ணிக்கை ஓரத்தில் நிற்கிறது என்றால், எப்படி எண்ணுகிறார்கள், முன்னுரையும் அத்தியாயத் தலைப்பும் சேருமா என்று கேளுங்கள். வரையறையைத் தொடுவதற்காகச் சொற்களைக் கண்டபடி உடைக்காதீர்கள். "வந்து கொண்டிருந்த வர்கள்" என்று பிரிந்து கிடப்பதைப் படிக்கிற நடுவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

எழுத்துரு

பழைய நாவலை இப்போது எடுத்து அனுப்புபவர்கள் அடிக்கடி விழும் குழி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு நடுவரின் கணினியில் இல்லையென்றால் உங்கள் நாவல் அவருக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். சோதிப்பது எளிது. வேர்டில் ஒரு பத்தியைத் தேர்ந்து, ஏரியல் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோட். ஆங்கிலமாக உடைந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும்.

மாற்றினபிறகு வேலை முடிவதில்லை. "ஔ" என்ற ஒரே எழுத்து "ஒ", "ள" என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒளவையார் என்று தேடிப் பார்த்தால் சிக்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் "ர" இருக்கும், தட்டச்சு செய்தவர் கைவாகு அது. மேற்கோள் குறிகள் கேள்விக்குறியாக மாறியிருக்கும். எழுத்துப்பிழை திருத்தியிடம் விட்டால் பாதிதான் பிடிபடும். கண்ணால் ஒருமுறை முழுதாகப் படித்தே ஆக வேண்டும். பிடிஎஃப் அனுப்புவதாக இருந்தால் ப்ராப்பர்டீஸில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "எம்பெடெட்", அதாவது கோப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது, என்று இருக்கிறதா பாருங்கள். அதன்பின் தமிழ் எழுத்துரு எதையும் நிறுவாத ஒரு கைபேசியில் திறந்து பாருங்கள்.

ஈபப் என்ற மின்னூல் வடிவம் கேட்கும் போட்டிக்கு வேர்டு கோப்பின் பெயரை மாற்றி அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈபப் என்பது பல கோப்புகளை உள்ளே அடுக்கிய ஒரு ஜிப். பெயரை மாற்றினால் வடிவம் மாறாது. முறையாக ஆக்கியபின் ஈபப்செக் என்ற இலவசச் சோதனைக் கருவியில் போட்டுப் பிழை இல்லாமல் வருகிறதா என்று பாருங்கள்.

நூலகர் கவனிக்கும் சின்ன விஷயங்கள்

சுயவெளியீட்டுப் பிரிவில் படிப்பவர் நாள்தோறும் நூற்பட்டியலோடு புழங்குபவர். அட்டையில் ஒரு தலைப்பு, உட்பக்கத்தில் ஒற்று மிகாமல் இன்னொன்று, விண்ணப்பத்தில் மூன்றாவது என்றிருந்தால் அவர் கண் அங்கேதான் நிற்கும். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் 2007 முதல் 13 இலக்கம். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். அச்சு நூலின் எண்ணையே மின்னூலிலும் போடுவது பரவலான தவறு. உரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டு இல்லாமல் விடுவது இன்னொன்று. "குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் வெளிவந்த நூல்" என்று விதி இருந்தால் அந்த ஒரு வரியைத்தான் சான்றாகப் பார்ப்பார்கள்.

திரைப்பாடல் வரிகளையும் கவனியுங்கள். பேருந்தில் பாட்டு ஒலிக்கிறது என்று எழுதி நாலு வரி கொடுப்பது நம் நாவல்களில் சாதாரணம். அவற்றுக்கு உரிமையாளர் வேறு. "எல்லா உரிமையும் என்னுடையதே" என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு வரியை விட்டுவிடலாம், காட்சி ஒன்றும் குறையாது. அட்டைப் படம் எங்கிருந்து வந்தது, அதை விற்பனை நூலில் பயன்படுத்த அனுமதி உண்டா என்பதற்கும் ஒரு சான்று கையில் இருக்கட்டும்.

கதைச்சுருக்கமும் முதல் பக்கங்களும்

இதுவரை சொன்னவற்றைத் தாண்டினால்தான் நாவல் திறக்கப்படும். திறப்பவர் விமர்சகர் அல்ல, நூலகர். அவர் மனத்தில் ஓடும் கேள்வி, "இதை யார் கையில் கொடுப்பேன்?" அதனால் "எல்லா வயதினருக்கும் ஏற்ற நாவல்" என்று எழுதுவது எவருக்கும் இல்லை என்பதற்குச் சமம். துப்பறியும் கதையா, குடும்பக் கதையா, வரலாற்றுப் புனைவா என்று ஒன்றைச் சொல்லுங்கள்.

பின்அட்டைக் குறிப்பும் கதைச்சுருக்கமும் வேறு வேறு. முன்னது முடிவை மறைக்கும், பின்னது முடிவைச் சொல்லியே தீர வேண்டும். "முடிவு என்ன? நாவலைப் படியுங்கள்!" என்று சுருக்கத்தை முடிப்பவருக்குக் கதையை முடிக்கத் தெரியுமா என்று நடுவர் அறிய வழியில்லை. இதைப் பாருங்கள்:

"அன்பு, துரோகம், மன்னிப்பு ஆகியவற்றின் ஊடே மனித மனத்தின் ஆழங்களைத் தேடும் உணர்வுப் பயணம்."

எந்த நாவலுக்கும் ஒட்டும் வரி இது. இப்படி மாற்றலாம்:

"மூடப்பட்ட உப்பளத்தின் கணக்கர் ஒருத்தி. பத்தாண்டுக் கூலிப் பதிவேட்டைத் தீயில் போடச் சொல்கிறான் அண்ணன். அவள் ஒளித்து வைக்கிறாள். கடைசியில் அதைத் தொழிலாளரிடம் கொடுத்துவிட்டு வீட்டை இழக்கிறாள்."

யார், என்ன சிக்கல், என்ன செய்தாள், என்ன ஆயிற்று எல்லாம் வந்துவிட்டது. இதையே விரித்து எழுதும் முழுச் சுருக்கம் 300 முதல் 500 சொல்லுக்குள் அடங்கும். மூன்று பாத்திரத்துக்கு மேல் பெயர் சொல்லாதீர்கள்.

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் வாசகர்களுக்குச் சொன்ன விதி ஒன்று புகழ்பெற்றது: ஒரு நூலுக்கு 50 பக்கம் கொடுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள், வயது ஐம்பதைத் தாண்டினால் நூறிலிருந்து வயதைக் கழித்து, வருகிற எண்ணிக்கையளவு பக்கம் போதும். எழுபது வயது வாசகர் தருவது 30 பக்கம். கதை 60-ஆம் பக்கத்தில் சூடுபிடிக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் முதல் அத்தியாயத்தை அப்படியே எடுத்துவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினாலே போதும். குடும்ப வரலாறும் ஊர் வருணனையும் பிறகு தேவைப்பட்ட இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். "முதல் மூன்று அத்தியாயம்" என்று கேட்டால் முதல் மூன்றுதான். நன்றாக வந்திருக்கிறதே என்று ஏழாவதை அனுப்பாதீர்கள்.

அனுப்பும்போதும் அனுப்பியபிறகும்

கடைசி நாள் நள்ளிரவில் ஏற்ற வேண்டாம். இரண்டு நாள் முன்பே அனுப்பி, பெற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் கேட்க அந்த இரண்டு நாள் வேண்டும். அனுப்பியபின் "திருத்திய பிரதி" அனுப்பாதீர்கள், முதலில் வந்ததையே எடுப்பார்கள், சில இடங்களில் இரண்டையும் விட்டுவிடுவார்கள். வேறு போட்டிக்கோ பதிப்பகத்துக்கோ அதே பிரதி போயிருந்தால், அங்கே தேர்வான அன்றே இங்கே விலக்கிக்கொள்ளுங்கள்.

நிபந்தனைகளில் உரிமை பற்றிய பத்தியை மெதுவாகப் படியுங்கள். நூலகம் கேட்பது நீங்கள் பிறருக்கும் தரக்கூடிய அனுமதியா, தனக்கு மட்டுமேயான உரிமையா? எத்தனை ஆண்டு? இரவல் போகும் ஒவ்வொரு முறைக்கும் பணம் உண்டா? பரிசு பெறாத நூலும் தொகுப்பில் சேருமா? வென்றால் எத்தனை வாசகர் கூட்டத்துக்கு வர வேண்டும்? கைப்பிரதிப் பிரிவில், நாவலை முதன்முதலில் வெளியிடும் உரிமை உங்களிடமே இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

தேர்வாகவில்லை என்றால், அதே கைப்பிரதியை அடுத்த ஆண்டு அனுப்ப அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அனுமதி உண்டென்றால், முடிவு வந்த ஆத்திரத்தில் அன்றிரவே அதை மின்னூலாக ஏற்றிவிடாதீர்கள். ஏற்றிய நிமிடத்திலிருந்து அது கைப்பிரதி இல்லை.